டிவி பற்றிய உங்கள் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவது எப்படி: டெல்டாப் பக்கத்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு

ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் துறை அலமாரியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரைகள் ஸ்பைரல் பைண்டிங் போட்டு வந்து அடுக்கிக்கொள்ளும். மதிப்பெண் போட்டு முடித்ததும் அவற்றை யாரும் தொடுவதில்லை. ஓரிரு வருடம் கழித்து இடம் போதவில்லை என்று பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். திருவாரூர் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் விஸ்காம் பிள்ளைகளுக்கு டிவி பற்றிய தாளை நடத்துகிறவள் நான். எடைக்குப் போனதில் சில உண்மையிலேயே அச்சுக்குப் போயிருக்க வேண்டியவை என்பது எனக்குத் தெரியும். "மிஸ், இதை ஜர்னலுக்கு அனுப்பலாமா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு வராந்தாவில் நின்று துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். உங்கள் கல்லூரிக் கட்டுரையை நான் படித்தாக வேண்டும். அது என் வேலை. ஆய்விதழ் ஆசிரியருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் மூடிவைத்துவிடுவார். கீழே நான் சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்தால் வருகிறவை.

தலைப்பைச் சிறிதாக்குங்கள்

"தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் பெண்கள்." இந்தத் தலைப்பு இல்லாமல் எனக்கு ஒரு கல்வியாண்டுகூட முடிந்ததில்லை. தலைப்பில் தப்பில்லை. ஆனால் அதன் கீழே வரும் இருபது பக்கத்தையும் யார் வேண்டுமானாலும், எங்கே உட்கார்ந்துகொண்டும் எழுதிவிடலாம். மாமியார் கொடுமை, அழுகை, பட்டுப்புடவை கட்டிய வில்லி, கடைசியில் "பெண்கள் முன்னேற வேண்டும்". இதை அனுப்பினால் இரண்டு நாளில் திரும்பி வரும்.

அதே பிள்ளையிடம் நான் கேட்பது இதுதான்: உன் தெருவில் டிவி எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சொல். சன் டிவியில் 2002 முதல் 2005 வரை ஓடிய மெட்டி ஒலி, 2020 ஊரடங்கின்போது மறுபடி ஒளிபரப்பானது. இரண்டு முறையும் பார்த்த பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். முதல் முறை மருமகளாக உட்கார்ந்து பார்த்தவர், இரண்டாம் முறை மாமியாராக உட்கார்ந்து பார்த்திருப்பார். அதே காட்சி, அதே வசனம். அப்போது யார் பக்கம் நின்றார், இப்போது யார் பக்கம் நிற்கிறார்? மொத்தத் தமிழ்ப் பெண்களைப் பற்றியும் நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒரு தொடர், இரண்டு ஒளிபரப்பு போதும். லண்டனிலிருக்கும் ஆய்வாளருக்கும் சென்னையிலிருக்கும் ஆய்வாளருக்கும் கிடைக்காத ஒன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

நம் பக்கத்தில் இப்படிக் கிடப்பவை நிறைய. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கினாலும் அதன் அலை நம் கடற்கரைக்கு எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாகினி வந்தபோது வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தைப் பார்த்தார்கள். இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றை டெல்லியிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. அதைப் பார்த்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது ஆகியிருக்கும். இந்தக் கட்டுரையை யாராவது சீக்கிரம் எழுத வேண்டும் என்பது என் ஆசை, கொஞ்சம் அவசரமும்கூட.

கஜா புயல் இன்னொன்று. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. செய்திச் சேனல்கள் நாள் முழுக்க நம் ஊரைக் காட்டின. நம் ஊரில் கரண்ட் இல்லை, கேபிள் வயர் அறுந்து தென்னையோடு சேர்ந்து தரையில் கிடந்தது. அப்படியானால் அந்தச் செய்தி யாருக்காக ஓடியது? பாதிக்கப்பட்டவர் தன்னைப் பற்றிய செய்தியைப் பார்க்க முடியாத நாட்களில் அவருக்குச் செய்தி எந்த வழியாக வந்தது? இது நல்ல கேள்வி. "ஊடகங்களும் பேரிடரும்" என்பது கேள்வியே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது உள்ளூர் கேபிள் சேனல்தான். கேபிள்காரர் தன் அறையிலிருந்தே நடத்தும் அந்தச் சேனலில் திருவாரூர் ஆழித்தேர் நேரடியாக ஓடும். கீழே ஜவுளிக்கடைத் தள்ளுபடி எழுத்து ஓடும். நடுவில் கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து, காணாமல் போன ஆட்டுக்கு அறிவிப்பு. டிவி என்பது தனித்தனி நிகழ்ச்சிகளின் தொகுப்பு இல்லை, ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடும் ஓட்டம் என்று பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதினார். கப்பலில் அமெரிக்கா போய் இறங்கி, மயாமியில் ஓர் இரவு டிவி முன்னால் உட்கார்ந்தபோது, சினிமாவுக்கு நடுவே விளம்பரமும் அடுத்த படங்களின் முன்னோட்டமும் கலந்து வந்ததில் அவருக்கு அந்த யோசனை பிடிபட்டது. மன்னார்குடியில் ஓர் இரவு தங்கியிருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார். அதை நீங்கள் எழுதுங்கள்.

சான்றைப் பத்திரப்படுத்துங்கள்

டிவியை ஆராய்வதில் பெரிய தொல்லை, அது ஓடிப் போய்விடும். சினிமாவாவது கையில் கிடைக்கும். நேற்று இரவு எட்டு மணிக்கு வந்த பகுதி யூட்யூபில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கும், ஆனால் விளம்பரம் வெட்டப்பட்டு, சில சமயம் பாட்டு நீக்கப்பட்டு, நீளம் குறைந்து இருக்கும். நீங்கள் எதைப் பார்த்தீர்கள், ஒளிபரப்பையா இணையப் பதிவையா என்பதைக் கட்டுரையில் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்து எழுதினால், இதழுக்காக உங்கள் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர் முதல் கேள்வியே அங்கேதான் கேட்பார்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். சேனல், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பகுதி எண், விளம்பர இடைவேளை எப்போது வந்தது, எந்தெந்த விளம்பரம், கீழே என்ன எழுத்து ஓடியது. காட்சியைக் குறிக்கும்போது நிமிடமும் நொடியும். இணையத்தில் பார்த்திருந்தால் முழு முகவரியும், பார்த்த தேதியும். அந்தப் பதிவு நாளைக்கே நீக்கப்படலாம். உள்ளூர் சேனல் என்றால் இணையத்தில் எதுவும் கிடைக்காது. கேபிள்காரரிடம் நேரில் போய், எதற்கு என்று விளக்கிச் சொல்லி, அவர் அனுமதியோடு பதிவு வாங்குங்கள். பழைய டிவிடி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அவரிடம் கிடக்கும். என் அனுபவத்தில் ஆவணக் காப்பகங்களைவிட இவர்கள் தாராளமானவர்கள். என்ன, டீ குடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

பேட்டி எடுப்பதானால் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். "நான் இந்தக் கல்லூரியில் படிக்கிறேன், இதற்காகக் கேட்கிறேன், உங்கள் பெயரைப் போட மாட்டேன், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்யலாம். பல இதழ்கள், ஆய்வு நெறிகளைப் பார்க்கும் நெறிக்குழுவின் ஒப்புதல் கேட்கும். உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு இல்லையென்றால், பேட்டி தொடங்கும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்தேதி போட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது, நீங்களும் கேட்காதீர்கள்.

அப்புறம், பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். நம் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். தெருவோடு கொஞ்சம் குடும்பத் தொழிலையும் சேர்த்தால் வீடே தெரிந்துவிடும். மாமியாரைப் பற்றி மனம் விட்டுப் பேசிய ஒரு பெண்ணை, "கிழக்குத் தெரு, 43 வயது, கணவர் நெல் வியாபாரி" என்று எழுதினால், ஊரில் யாருக்குத் தெரியாது? ஊர் பெயரை "நன்னிலம் வட்டத்தில் ஒரு கிராமம்" என்பதோடு நிறுத்துங்கள். சாதி உங்கள் வாதத்துக்குத் தேவைப்பட்டால் அதை நேராகவே பேசுங்கள், தெருப் பெயருக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

படித்ததைக் காட்டுங்கள், ஆனால் ஒட்டாதீர்கள்

கட்டுரையின் முதல் ஐந்து பக்கம் ஊடகம் என்றால் என்ன, டிவியைக் கண்டுபிடித்தவர் யார், இந்தியாவில் 1959இல் டெல்லியில் வந்தது என்று போகும். மதிப்பெண்ணுக்கு அது செல்லும். ஆய்விதழில் வேண்டாம். உங்கள் கேள்விக்கு நெருங்கிய வேலையை ஏற்கனவே யார் செய்திருக்கிறார்கள், அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பது மட்டும் போதும். டெல்லியில் தூர்தர்ஷன் பார்த்த பெண்களோடு நெடுங்காலம் பழகி பூர்ணிமா மங்கேகர் எழுதிய நூல் 1999இல் வந்தது. இராமாயணத் தொடருக்கும் இந்துத்துவ அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றி அர்விந்த் ராஜகோபால் 2001இல் எழுதினார். இரண்டும் நல்ல நூல்கள், இரண்டும் வடக்கே, தூர்தர்ஷன் காலத்தைச் சேர்ந்தவை. 1993இல் சன் டிவி வந்த பிறகு ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டில் நடந்தது வேறு. 2006இல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கிய பிறகு, அதுவரை பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தவர் வீட்டிலும் டிவி வந்த பிறகு நடந்தது இன்னும் வேறு. உங்கள் கட்டுரைக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒளிபரப்புகிறவர் நினைத்த பொருளைப் பார்க்கிறவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் படிக்கலாம் என்ற மூன்று நிலையை ஒரு பத்தியில் எழுதிவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். உங்கள் பேட்டியில் வந்த ஒரு பாட்டி அந்த மூன்றுக்குள்ளும் அடங்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். கோட்பாடு அங்கேதான் வேலை செய்யத் தொடங்கும். அடங்கவே அடங்காத பாட்டிகள் நம் பக்கம் நிறைய.

நூல்கள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் இணையத்தில் படிக்கத் தரும் இன்ஃப்லிப்நெட்டின் என்-லிஸ்ட் உங்கள் கல்லூரிக்கு இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். பல கல்லூரிகளில் இருக்கும், யாரும் பாஸ்வேர்டு வாங்கியிருக்க மாட்டார்கள். ஷோத்கங்கா இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசம். ஏஐ கருவியிடம் நூற்பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரையை இருக்கும் ஆய்வாளர் பெயரில் அழகாகச் செய்து கொடுக்கும். நீங்கள் கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் போடாதீர்கள். ஏஐயை எதற்காவது பயன்படுத்தியிருந்தால் அந்த இதழின் விதி என்ன என்று பார்த்து, கேட்ட இடத்தில் சொல்லிவிடுங்கள்.

எந்த இதழ்?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் இங்கேதான் போகிறது.

வாட்ஸப்பில் வரும்: "48 மணி நேரத்தில் வெளியீடு, உயர் இம்பாக்ட் ஃபேக்டர், யுஜிசி அங்கீகாரம், சான்றிதழ் உண்டு." கூடவே ஜிபே எண். என்னிடம் படித்த ஒரு மாணவி அப்படி ஓர் இதழுக்குப் பணம் கட்டி, வண்ணச் சான்றிதழோடு வந்து நின்றாள். அவள் கட்டுரைக்குப் பக்கத்தில் உர மேலாண்மை பற்றி ஒன்று, பல் மருத்துவம் பற்றி ஒன்று. ஒருவரும் படித்துப் பார்க்காமல் போட்டது. எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. நல்ல கட்டுரை, இனி வேறெங்கும் அனுப்பவும் முடியாது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

தரமான இதழ்கள் இவை என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. எனவே "யுஜிசி கேர்" என்று இன்றைக்கும் விளம்பரம் செய்கிற இதழைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பதும் சான்று இல்லை. அது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். ரேஷன் கார்டு இருப்பதால் ஒருவர் நல்லவர் என்று ஆகிவிடுமா? நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு. அதனால் ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் எண்ணைப் போட்டு, இதழின் பெயரும் பதிப்பகமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ் என்றால் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆசிரியர் குழுவிலுள்ள இரண்டு பேரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்களே அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி இரண்டு இதழ்களைத் திறந்து படியுங்கள். படிக்க விருப்பமே வராத இதழில் உங்கள் கட்டுரை எதற்கு?

நல்ல இதழிலும் சில சமயம் கட்டணம் உண்டு, குறிப்பாக எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும்போது. ஆனால் மானுடவியல், கலைத் துறை இதழ்கள் பலவற்றில் எழுதுகிறவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. அனுப்பும்போதே பணம் கேட்டால் நின்று யோசியுங்கள்.

இளநிலை மாணவர்களுக்கென்றே இதழ்கள் உண்டு. பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகமும் நடத்தும் ரீஇன்வென்ஷன் எல்லாத் துறை மாணவர்களின் ஆய்வையும் எடுத்துக்கொள்கிறது. ஃபிலிம் மேட்டர்ஸ் என்று ஒன்று உண்டு. அதுவும் இளநிலை மாணவர்களுக்குத்தான், ஆனால் சினிமாப் பக்கம் சாய்ந்தது. தெற்காசியத் திரை ஆய்வுக்கு பயோஸ்கோப், டிவிக்கென்றே கிரிட்டிக்கல் ஸ்டடீஸ் இன் டெலிவிஷன் ஆகியவை முழுநேர ஆய்வாளர்கள் எழுதும் இடங்கள். அங்கே அனுப்பக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் முதல் முயற்சிக்கு மாணவர் இதழில் தொடங்குவதே என் பரிந்துரை. அங்கே மறுப்பவர்கள்கூடக் காரணம் சொல்லி மறுப்பார்கள். ஒன்று மட்டும்: ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுக்கும் பழக்கம் இங்கே செல்லாது.

எழுத்துரு, தலைப்பெழுத்து, மேற்கோள்

தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழ் வசனங்கள் வரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கினீர்கள் என்றால், இதழாசிரியர் திரையில் அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள். போனில் அடிக்கத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆங்கிலக் கட்டுரையில் தொடரின் பெயரையும் வசனத்தையும் ரோமன் எழுத்தில் தரும்போது, ஒரே முறையைக் கடைசி வரை பின்பற்றுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையை விரும்பும் இதழ்கள் உண்டு. சேனல் தன் விளம்பரத்தில் எப்படி எழுதுகிறதோ அப்படியே போதும் என்பவையும் உண்டு. விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். வசனத்தின் மொழிபெயர்ப்பு யாருடையது என்று ஒரு வரி எழுதுங்கள். "என்னுடையது" என்றால் அதையும்.

மேற்கோள் முறையில் எம்எல்ஏ என்றால் ஒன்பதாம் பதிப்பு, ஏபிஏ என்றால் ஏழாம் பதிப்பு. ஒரு தொடர்ப் பகுதியைக் குறிக்கத் தொடரின் பெயர், பகுதி எண், இயக்குநர், தயாரித்த நிறுவனம், சேனல், ஒளிபரப்பான தேதி எல்லாம் தேவைப்படும். இவற்றை முதலிலேயே நோட்டில் எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து இயக்குநர் பெயர் தேடுவது கொடுமை.

அடுத்து உங்கள் பெயர். இணையப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டும் கட்டாயம். நமக்கோ தலைப்பெழுத்துத்தான். க. மலர்விழி என்ன செய்வாள்? அப்பா பெயரை விரித்து எழுதலாம், அல்லது தலைப்பெழுத்தையே இரண்டாவது கட்டத்தில் போடலாம். எதைச் செய்தாலும் இனி வாழ்நாள் முழுக்க அதையே செய்யுங்கள். ஒரு கட்டுரையில் மலர்விழி கே., இன்னொன்றில் மலர்விழி கண்ணன் என்று வந்தால் தேடுகிறவருக்கு இரண்டு ஆட்கள். ஆய்வாளருக்கான அடையாள எண்ணாக ஆர்கிட் எண் என்று பதினாறு இலக்கத்தில் ஒன்று இலவசமாகக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி ஆசிரியரின் பெயரை இணை ஆசிரியராகச் சேர்ப்பது பற்றி: அவர் உண்மையில் சேர்ந்து எழுதியிருந்தால் சேருங்கள். படித்துத் திருத்திக் கொடுத்ததற்கு நன்றிப் பகுதி இருக்கிறது. இதை உங்கள் ஆசிரியரிடம் நேரில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், நாமே முதலில் சொல்லிவிடலாம், பிள்ளைகளைச் சங்கடத்தில் விடாமல்.

அனுப்பும் நாள்

கல்லூரிக் கட்டுரையின் அட்டை, சான்றுரை, உறுதிமொழி, அத்தியாயப் பிரிப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். இதழ் கேட்கும் சொல் எண்ணிக்கைக்குள் கொண்டுவாருங்கள். சுருக்கம் பெரும்பாலும் 150 முதல் 250 சொல்லுக்குள் கேட்பார்கள். அதில் "இக்கட்டுரை ஆராய்கிறது" என்று நான்கு முறை எழுதாமல், என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஸ் தொடருக்கு மட்டும்.

நல்ல இதழ்கள் பலவற்றில் எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்கும், மதிப்பீட்டாளர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. அதனால் பெயர், கல்லூரி, நன்றி எல்லாம் தனிக் கோப்பில் போக வேண்டும். கட்டுரைக்குள் "எங்கள் கல்லூரி விடுதியில்" என்று இருந்தால் மாற்றுங்கள். கோப்பின் பெயரும் உங்கள் பெயராக இருக்கக் கூடாது. அப்புறம் வேர்டு கோப்பின் உள்விவரத்தைத் திறந்து பாருங்கள். எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ, கோப்பை முதலில் திறந்த பிரவுசிங் சென்டரின் பெயரோ உட்கார்ந்திருக்கும். நீக்கிவிடுங்கள்.

டிவித் திரையைப் படம் பிடித்துச் சேர்க்க ஆசையாக இருக்கும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. ஆனாலும் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் சேனலிடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொல்லலாம், சேனலில் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். படம் இல்லாமலே வாதம் நிற்கும்படி காட்சியைச் சொற்களில் எழுதுங்கள். படம் கிடைத்தால் கூடுதல்.

முகப்புக் கடிதம் சின்னதாக இருக்கட்டும். கட்டுரையின் தலைப்பு, அது எதைச் சொல்கிறது என்று இரண்டு வரி, ஏன் இந்த இதழுக்கு என்று ஒரு வரி, வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி. லீவ் லெட்டர் எழுதும் பணிவு வேண்டாம், குடும்பக் கஷ்டமும் வேண்டாம். இளநிலை மாணவர் என்பதை மறைக்கவும் வேண்டாம்.

அனுப்பியதும் ஒரு மின்னஞ்சல் வரும், ஒரு எண்ணோடு. அதைப் பத்திரமாக வையுங்கள். கல்லூரி மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள், பதில் வரும்போது உங்களிடம் இருக்காது.

பதில் வரும்போது

ஜூன் 12 ஒட்டி மேட்டூர் திறக்கும்போது அனுப்பினீர்கள் என்றால், குறுவை அறுத்து முடிக்கும்போதும் பதில் வராமல் இருக்கலாம். மாதக் கணக்கில் ஆகும். இதழ் சொல்லியிருக்கும் காலம் தாண்டிய பிறகு ஒரு முறை மரியாதையாக விசாரிக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

இதழாசிரியரே படித்துவிட்டு "எங்களுக்குப் பொருந்தாது" என்று உடனே திருப்பினால், அடுத்த இதழுக்கு அவர்கள் வடிவத்தில் மாற்றி அனுப்புங்கள். "திருத்தி அனுப்புங்கள்" என்று வந்தால், எவ்வளவு நீளமாகத் திட்டியிருந்தாலும் அது நல்ல செய்தி. என்னிடம் அழுதுகொண்டே வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் வைத்திருந்தது இந்த நல்ல செய்திதான். இரண்டு நாள் அதைத் தொடாதீர்கள். பிறகு ஒரு அட்டவணை போட்டு, மதிப்பீட்டாளர் சொன்னது ஒரு பக்கம், நீங்கள் செய்தது ஒரு பக்கம், எந்தப் பக்க எண்ணில் என்பது ஒரு பக்கம் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஏற்காததற்குக் காரணம் எழுதுங்கள். "கேபிள்காரர் என்பவர் யார், அவருக்கும் சேனலுக்கும் என்ன உறவு?" என்று கேட்டிருந்தால் இதுகூடத் தெரியவில்லையே என்று கோபப்படாதீர்கள். அவருக்குத் தெரியாததைச் சொல்லத்தானே எழுதுகிறீர்கள்? ஒரு பத்தி சேருங்கள். பெரும்பாலும் அந்தப் பத்திதான் கட்டுரையிலேயே நன்றாக வரும்.

ஏற்றுக்கொண்டார்கள் என்றால் ஓர் ஒப்பந்தம் வரும். பதிப்புரிமை முழுவதையும் கொடுக்கிறீர்களா, உங்களிடமே வைத்துக்கொண்டு வெளியிடும் உரிமை மட்டும் கொடுக்கிறீர்களா என்று படித்துக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கட்டுரையைத் தமிழில் மறுபடி வெளியிட நினைத்தால் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள்.

கடைசியாக, வெளியாகும் முன் சரிபார்ப்பதற்கு ப்ரூஃப் வரும், இரண்டு மூன்று நாள் கெடு கொடுத்து. வாக்கியத்தை மாற்றி எழுதும் நேரம் அது இல்லை. தமிழ் எழுத்துகள் உடைந்திருக்கின்றனவா, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா, தொடரின் பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா, மறைத்து வைத்த ஊர்ப் பெயர் அடிக்குறிப்பில் எங்காவது எட்டிப் பார்க்கிறதா, உங்கள் தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கெடு முடியும் சாயங்காலம் பார்த்துத்தான் நம் பக்கம் கரண்ட் போகும்.